விரும்பியவாறு செய்து கொடுப்போம்

சங்க அங்கத்தினர்களின் சிந்தனைக்கு ஒரு யோசனை. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 2004-ஆம் ஆண்டு கிரஷ்பேட் என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்றது. திராட்சை மதுவில் ஆர்வமுள்ளோர் பழத்தையும் பீப்பாயையும் தாமே தெரிந்தெடுத்து, வல்லுநர் துணைகொண்டு தமக்கென மது தயாரித்துக்கொண்டனர். அவர்கள் விலை கொடுத்தது பழத்திற்கு மட்டுமன்று. தம் கைபட்ட பொருள் என்னும் மனநிறைவுக்குமாகும்.

நம் மாநிலத்தில் உரிமமின்றி மது தயாரிப்பதை 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தடுக்கிறது. ஆகவே அப்பொருள் நமக்கு வேண்டா, அம்முறை வேண்டும். நம்மிடம் பனை இருக்கிறது. கலயத்தினுள் சுண்ணாம்பு தடவினால் சாறு புளியாமல் பதநீராக நிற்கும், தடவாவிடில் கள்ளாகிவிடும். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. நம் மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

வாடிக்கையாளர் கேட்கும் கரையும் நிறமும் வைத்து நெய்வது நம் நெசவாளருக்குப் புதிதன்று. அவ்வாறே பதநீர்ப் பருவத்தில் நகரத்தாரை அழைப்போம். சுக்கு, மிளகு, ஏலம் எவ்வளவென அவரவர் சொல்லட்டும். பாகின் பதத்தை நம் பெண்டிர் காட்ட, தம் கையாலேயே சிரட்டையில் வார்க்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கிரஷ்பேட் 2012-இல் கடனால் கைமாறிற்று. ஆதலின் கடன்பட்டுக் கட்டடம் எழுப்பாது, முன்பணம் பெற்றுச் சிறிய அளவில் தொடங்குவதே நன்று.

பனையேற ஆளில்லை என்று வருந்துகிறோம். உயிரைப் பணயம் வைத்து ஏறுபவருக்குத் தக்க ஊதியமின்றி அவர் மக்கள் அத்தொழிலுக்கு எவ்வாறு வருவர்? கூடுதல் வருவாயில் முதற்பங்கு அவருக்கே சேரவேண்டும். அடுத்த மகாசபையில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.