காமிராக் கண்ணும் தொழிலாளியின் மானமும்

2025 நவம்பர் முதல் வாரத்தில் ஓசூர் வட்டாரத்தில் நடந்த சம்பவத்தை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பெரிய மின்னணுத் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் விடுதி அது. ஊர் விட்டு ஊர் வந்து, மாநிலம் விட்டு மாநிலம் வந்து வேலை செய்யும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தங்கியிருக்கும் இடம். அங்கே ஒரு குளியலறையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த காமிரா கண்டுபிடிக்கப்பட்டது. விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண்கள் அறைக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. இரவென்றும் பாராமல் திரளாக வெளியே வந்து நியாயம் கேட்டார்கள். போலீசார் வழக்குப் பதிவு செய்து, விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண்ணையும், அவருக்குத் தூண்டுதலாக இருந்ததாகச் சொல்லப்படும் ஓர் ஆணையும் கைது செய்தார்கள்.

அந்தப் பெண் தொழிலாளர்களின் துணிச்சலை மனமாரப் பாராட்டுகிறோம். தாயும் தகப்பனும் பக்கத்தில் இல்லாத ஊரில், வேலை போய்விடுமோ என்ற பயத்தையும் உதறிவிட்டு, மானத்துக்காக ஒன்றுபட்டு நின்றார்கள். இந்த ஒற்றுமை பெரிய விஷயம்.

இப்படி ஒளித்து வைத்துப் படமெடுப்பவர்களைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, பெண்ணின் அந்தரங்கத்தைப் படமெடுத்தால் முதல் குற்றத்துக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை என்கிறது. நல்லது. ஆனால் நாம் இன்று வேறொரு கேள்வி கேட்கிறோம். ஒளித்து வைத்த காமிராவுக்குச் சட்டம் உண்டு. ஒளிக்காமல், பட்டப்பகலில், ஏணி போட்டு ஏறி ஆணி அடித்து மாட்டிய காமிராவுக்கு என்ன சட்டம்?

யாருடைய பாதுகாப்பு?

இன்று எந்தப் பஞ்சு மில்லுக்குள் நுழைந்தாலும் சரி, பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் சரி, நிமிர்ந்து பார்த்தால் ஒரு கறுப்புக் கண் தெரிகிறது. கேட்டில் ஒன்று, கார்டிங்கில் ஒன்று, ஸ்பின்னிங்கில் வரிசையாகப் பல, கேன்டீனில் ஒன்று, ஓய்வறை வாசலில் ஒன்று, கக்கூசுக்குப் போகும் நடையில் ஒன்று. "பாதுகாப்புக்காக" என்கிறது நிர்வாகம். யாருடைய பாதுகாப்பு என்று கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றன.

முதல் பதில், திருட்டைத் தடுக்க. பண்டகசாலைக்கும், நூல் கோடவுனுக்கும், கேட்டுக்கும் காமிரா வைப்பதை எந்தத் தொழிலாளியும் ஆட்சேபிக்கவில்லை. கேன்டீனில் சோறு தின்னும் இடத்தில் என்ன திருட்டு? ஓய்வறையில் கால் நீட்டிப் படுத்திருப்பவன் எதைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறான்?

இரண்டாவது பதில், விபத்தைத் தடுக்க. காமிரா விபத்தைப் பார்க்கும், தடுக்காது. விபத்தைத் தடுப்பது இயந்திரத்துக்குப் போட வேண்டிய கவசமும், சரியான பயிற்சியும், தூக்கம் கெடாத ஷிப்டும்தான். இவற்றுக்குச் செலவு செய்யக் கை வராதவர்கள் காமிராவுக்குச் செலவு செய்வது ஏன்? விரல் போன தொழிலாளி நஷ்டஈடு கேட்கும்போது, "அன்றைக்கு ரெக்கார்டு ஆகவில்லை" என்று கையை விரிக்கிற நிர்வாகமே, ஐந்து நிமிஷம் உட்கார்ந்தவருக்கு மெமோ கொடுக்கும்போது நிமிஷக் கணக்கோடு படத்தை நீட்டுகிறது!

மூன்றாவது பதில், பெண்களின் பாதுகாப்புக்கு. பெண்களின் பாதுகாப்புக்கு 2013ஆம் வருஷத்திலேயே சட்டம் வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு அமைக்க வேண்டும், அதற்கு ஒரு பெண் தலைமை வகிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் மில்லில் அந்தக் குழுவின் தலைவி யார் என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை இடத்தில் பதில் கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும். பஞ்சுத் தூசியிலும் வெக்கையிலும் நிற்கிற பெண் வியர்வையைத் துடைக்கிறாள், சேலையைச் சரிசெய்கிறாள். அதை மேனேஜர் அறையில் இருப்பவர்களும், கைபேசி வழியாக வீட்டில் இருப்பவர்களும்கூடப் பார்க்க முடிகிறது. இதற்குப் பெயரா பாதுகாப்பு?

அந்தப் படங்களாவது பத்திரமாக இருக்கின்றனவா? 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் என்ன நடந்தது? ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில், எல்லோருக்கும் தெரியவே மாட்டியிருந்த காமிராவின் படங்கள் திருடப்பட்டு, இணையத்தில் விலைக்கு விற்கப்பட்டன. சுவரில் பகிரங்கமாகத் தொங்கும் காமிரா திருட்டுக் காமிராவாக மாற, பூட்டு பலவீனமாக இருந்தால் போதும். அதன் விலையைக் கொடுப்பவர்கள் படத்தில் இருக்கும் பெண்கள்.

மேஸ்திரியின் கண்

தொழிலாளியைக் கண்காணிப்பது புதிய விஷயமல்ல. 1780-களில் ரஷ்யப் பிரபு பொட்டெம்கினின் பண்ணையில் வேலை பார்த்த சாமுவேல் பெந்தாம் என்ற ஆங்கிலேயர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். நடுவில் இருக்கும் ஒரே மேற்பார்வையாளர் சுற்றியிருக்கும் எல்லா வேலையாட்களையும் பார்க்கும்படியான பட்டறைக் கட்டிடம் அது. அவருடைய அண்ணன் ஜெரமி பெந்தாம் அதே திட்டத்தைச் சிறைச்சாலைக்கு எடுத்துக்கொண்டார். பட்டறைக்காகப் பிறந்து சிறைக்குப் போன யோசனை, இன்று காமிரா உருவத்தில் பட்டறைக்கே திரும்பி வந்திருக்கிறது.

மேஸ்திரியின் கண்ணுக்கும் காமிராவின் கண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. மேஸ்திரி களைத்துப் போவார், காமிரா களைப்பதில்லை. மேஸ்திரியோடு வாதாடலாம், காமிராவோடு வாதாட முடியாது. மேஸ்திரி பார்த்ததை மறப்பார். காமிரா பார்த்ததை நிர்வாகம் வேண்டியபோது வெளியே எடுக்கும். தொழிலாளி நின்ற நேரம் படத்தில் தெரிகிறது. ஏன் நின்றார் என்பது தெரிவதில்லை. கூடுதல் பிரேம்களைத் தலையில் கட்டியதும், மாதவிடாய் நாளில் இடுப்பு ஒடிய நின்றதும், முந்தின ஷிப்டிலிருந்து தொடர்ந்து வேலை வாங்கியதும் படத்தில் வருவதில்லை. சங்க ஊழியரோடு யார் பேசினார், எவ்வளவு நேரம் பேசினார் என்பது மட்டும் தெளிவாக வருகிறது!

"தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். குளிக்கும்போது கதவைச் சாத்துகிறவர்கள் எல்லாம் திருடர்களா? தப்புச் செய்யாதவர்களுக்குப் பயமில்லை என்றால், ஓவர்டைம் கணக்கு எழுதும் அறையிலும், பி.எப். பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற அறையிலும் ஒரு காமிரா மாட்டி, அதன் படத்தைச் சங்க ஆபீசில் காட்டச் சம்மதிப்பார்களா?

வயல்வெளியிலும் அதே கண்

இது மில் தொழிலாளியின் தலைவலி மட்டும்தானே என்று விவசாயத் தொழிலாளர்கள் நினைக்க வேண்டாம். நூறு நாள் வேலையில் என்ன நடந்தது? 2021இல் மத்திய சர்க்கார் ஒரு கைபேசிச் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத்தலங்களிலும் அது கட்டாயமாயிற்று. ஏரி வெட்டும் இடத்தில் நாளுக்கு இரண்டு தடவை தொழிலாளர்கள் படத்துக்கு நிற்க வேண்டும். காலையில் சீக்கிரம் வேலையை முடித்தவரும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால், படம் ஏறவில்லையென்றால், வெட்டிய மண் கண் முன்னே கிடந்தாலும் கூலிக்கு ஆபத்து.

இதனால் ஊழல் ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே அனுப்பிய சுற்றறிக்கை ஒப்புக்கொள்கிறது: சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள். திருடுகிறவன் காமிராவையும் ஏமாற்றத் தெரிந்தவன். வெயிலில் நின்று அவதிப்பட்டவர்கள் உழைத்தவர்கள்தான். 2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியபோதும், கைபேசிக் கண்காணிப்பையும் உடல் அடையாளப் பதிவையும் சர்க்கார் கைவிடவில்லை. அவற்றையே பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

சாத்தான்குளம் சொல்லும் பாடம்

அப்படியானால் காமிராவே கெட்டதா? இல்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் நிலையத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் சித்திரவதை செய்யப்பட்டு உயிரிழந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் என்ன கண்டார்? நிலையத்தில் காமிரா இருந்தது. பல நாள் பதிவைத் தாங்கும் வசதியும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தது! போலீசார் சொன்ன கதையைப் பொய்யாக்கியது கடைத்தெருவில் இருந்த வேறொரு காமிராவின் பதிவு.

அதே ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் காமிரா வைக்க வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஐந்தாண்டு கழித்து, 2025 செப்டம்பரில், போலீஸ் நிலையக் காமிராக்கள் வேலை செய்யாதது பற்றி அதே கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அதிகாரத்தில் இருப்பவனைப் பார்க்க வேண்டிய காமிரா பழுதாகிறது; உழைப்பவனைப் பார்க்கும் காமிரா ஒரு நாளும் பழுதாவதில்லை. எத்தனை விசித்திரம்!

ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பு

2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜைக்கும் உள்ள அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்குப் பிறகு 2023இல் சர்க்கார் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. தகவலைத் திரட்டச் சம்மதம் பெற வேண்டும் என்பது அதன் பொது விதி. ஆனால் அதன் ஏழாவது பிரிவு என்ன சொல்கிறது? வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் சம்மதம் தேவையில்லை! கடைக்குப் போகிற மனிதனுக்கு உள்ள பாதுகாப்பு, மில் கேட்டைத் தாண்டியதும் பறிபோகிறது. இந்தச் சட்டத்தின் விதிகளை வெளியிடவே 2025 நவம்பர் வரை ஆயிற்று; முக்கியமான கடமைகளை அமல் நடத்தப் பதினெட்டு மாத அவகாசம் வேறு.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. இத்தாலியில் 1969ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள், 1970 மே மாதத்தில், தொழிலாளர் உரிமைச் சட்டம் பிறந்தது. தொழிலாளியைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் நோக்கத்துடன் காமிரா வைக்கக் கூடாது என்று அதன் நான்காவது விதி தடுத்தது. வேறு காரணத்துக்கு வைப்பதானால் சங்கத்தோடு ஒப்பந்தம் வேண்டும், அல்லது தொழிலாளர் இலாகாவின் அனுமதி வேண்டும் என்றது. 2015இல் இந்த விதியைச் சில வகைகளில் தளர்த்தினார்கள். ஆனாலும் காமிராவுக்குச் சங்கத்தின் ஒப்பந்தம் வேண்டும் என்பது நிற்கிறது. ஜெர்மனியில் 1972ஆம் வருஷச் சட்டப்படி, தொழிலாளியைக் கண்காணிக்கும் சாதனம் வைப்பதில் தொழிலாளர் குழுவுக்குச் சமமான முடிவுரிமை உண்டு.

கோர்ட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஸ்பெயினில் ஒரு பெரிய கடையின் பெண் தொழிலாளர்களை ரகசியக் காமிரா வைத்துப் பிடித்து வேலைநீக்கம் செய்தார்கள். ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டில் 2018இல் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். 2019இல் அதே கோர்ட்டின் பெரிய பெஞ்சு அதை மாற்றிவிட்டது. தீர்ப்பு மாறலாம். சங்கத்தின் பலம்தான் மாறாத பிடிமானம்.

நமது கோரிக்கைகள்

ஆகவே நாம் கோருகிறோம்:

1. சங்கத்தின் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் வேலை நடக்கும் இடத்தில் காமிரா வைக்கக் கூடாது.

2. கேன்டீன், ஓய்வறை, உடை மாற்றும் இடம், கக்கூஸ் வழி, விடுதியின் உட்புறம் ஆகிய இடங்களில் உள்ள காமிராக்களை உடனே அகற்ற வேண்டும்.

3. எங்கே எத்தனை காமிரா, படத்தை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பதைத் தமிழிலும், வெளிமாநிலத் தொழிலாளர்களின் பாஷைகளிலும் கேட்டில் எழுதி ஒட்ட வேண்டும்.

4. தொழிலாளி மீது படத்தைச் சாட்சியாகக் காட்டினால், வெட்டி எடுத்த துண்டை அல்ல, முழுப் பதிவின் நகலை அவருக்குக் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த நாளின் பதிவை அழிப்பதைக் குற்றமாக்க வேண்டும்.

5. 2023ஆம் வருஷச் சட்டத்தில் முதலாளிக்குக் கொடுத்த விதிவிலக்கை ரத்து செய்ய வேண்டும்.

6. படம் ஏறவில்லை என்ற காரணத்துக்காக எந்தக் கிராமப்புறத் தொழிலாளியின் கூலியையும் பிடிக்கக் கூடாது.

இவையெல்லாம் சட்டமாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத்திலும், புதிய ஒழுங்கு விதிகளைப் புகுத்துமுன் தொழிலாளர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற பழைய விதி இருக்கிறது. காமிராவைக் காட்டி மெமோ கொடுப்பது புதிய ஒழுங்கு விதி இல்லாமல் வேறென்ன என்று ஒவ்வொரு சங்கமும் எழுத்தில் கேட்கட்டும். தங்கள் இலாகாவில் எத்தனை காமிரா, எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தொழிலாளர்களே எண்ணிக் குறித்துச் சங்க ஆபீசில் கொடுக்கட்டும். பெண் தொழிலாளர்கள் தங்கள் கூட்டத்தில் இதை முதல் விஷயமாகப் பேசட்டும்.

கூலிக்காக உழைப்பை விற்கிறோம். எட்டு மணி நேர வேலையை விற்கிறோம். மானத்தை விலை பேசவில்லை. ஒளித்து வைத்த ஒரு காமிராவுக்கு எதிராக ஓசூர்ப் பெண்கள் இரவில் ஒன்றாக வெளியே வந்தார்கள். ஒளிக்காமல் வைத்திருக்கும் காமிராக்களின் முன்னே பகலில் ஒன்றாக நின்று கணக்குக் கேட்கும் தைரியம் நமது மில்களுக்கும் கிராமங்களுக்கும் வரட்டும்!