காலையில் போய் மாலையில் வந்தவர்



"காலையில போனாரு, சாயங்காலம் வந்துட்டாரு. அப்படின்னா சின்ன ஆப்பரேஷன்தானே!"

குடலிறக்கத்திற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு அன்றைக்கே வீடு திரும்பியவரைப் பற்றி நம் லயங்களில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுகிறது. ரோஷக்காரராக இருந்தால் மறுவாரமே கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போய் நின்றுவிடுவார். இது சரியில்லை என்று சொல்லத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

குடலிறக்கம் என்பது வயிற்றுச் சுவர் பலம் குறைந்த இடத்தில் குடல் பிதுங்கி வருவது. டாக்டர் அதை உள்ளே தள்ளி, பெரும்பாலும் ஒரு வலையை வைத்துத் தைக்கிறார். மேல் தோல் ஒரு வாரம் பத்து நாளில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே வலையைச் சுற்றிச் சதை வளர்ந்து பிடிப்பு ஏற்படப் பல வாரம் ஆகும். செம்பனைக் குலை ஒன்று 20, 25 கிலோ இருக்கும். அதை நாளெல்லாம் தூக்குகிறவர் நாலு முதல் ஆறு வாரம் வரை கனமான எதையும் தொடக்கூடாது. தண்ணி வாளியும் பேரப்பிள்ளையும்கூட அதில் சேர்த்திதான்.

இனி வீட்டுக்கு வந்த முதல் இரவைப் பார்ப்போம். மயக்க மருந்து 24 மணி நேரம் வரை உடம்பில் வேலை செய்யும். நோயாளி தெளிவாகப் பேசுவார், "எனக்கு ஒண்ணுமில்லே" என்பார். நம்பாதீர்கள். அன்று மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது, மது கூடாது, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது. பெரியவர் ஒருவர் இரவு முழுக்கக் கூடவே இருக்க வேண்டும். தொண்டை கரகரக்கலாம், வாந்தி வருகிற மாதிரி இருக்கலாம். கஞ்சி, மைலோ கொடுத்துப் பாருங்கள். மாலையிலேயே மெதுவாக எழுந்து வீட்டுக்குள் நடக்கச் சொல்லுங்கள். படுத்தே கிடந்தால் கால் நரம்பில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

வலி முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருக்கும். வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடுவதை விட, டாக்டர் சொன்ன மணிக்கு விழுங்குவது மேல். 500 மில்லிகிராம் பனடோல் என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 மாத்திரைக்கு மேல் கூடாது. கடையில் வாங்கும் சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கும், கவனம். சில வலி மருந்துகள் மலச்சிக்கல் தரும். முக்கினால் தையலுக்குத்தான் கேடு. ஆகவே தண்ணீர், கீரை, பப்பாளி.

இன்னொன்று, கூச்சப்பட்டு யாரும் சொல்லமாட்டார்கள். அறுத்த இடத்திலிருந்து கீழே விதைப்பை வரை கருநீலமாகக் கன்றி வீங்கலாம். பார்த்ததும் பயந்துபோவார்கள். பெரும்பாலும் அது இரத்தம் கீழே இறங்கியதுதான், இரண்டு வாரத்தில் மறையும். தழும்பின் கீழ் கயிறு மாதிரி தடிப்பாக இருப்பதும், சுற்றிலும் மரத்துப்போவதும் வழக்கமே.

பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், கோழியை நிறுத்திவிடுகிற அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். புண் ஆறுவதற்கே அவைதான் வேண்டும். விரால் மீன் சூப் வைத்துக் கொடுக்கிறீர்களா, தாராளமாகக் கொடுங்கள். மஞ்சள்தூளை மட்டும் காயத்தில் வைக்காதீர்கள்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் பிரியவில்லை, கட்டு நனைந்து இரத்தம் வருகிறது, காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டுகிறது, சீழ் வருகிறது, வாந்தி நிற்கவில்லை, கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 999-ஐ அழையுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் இரு மடங்கு கவனம். நம் தோட்டங்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி தூரம். ராத்திரியில் யாருடைய கார் கிடைக்கும், எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதை அறுவைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது லீவு விஷயம். டாக்டரிடம் "தோட்ட வேலை" என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? "20 கிலோ குலை தூக்குறேன், டாக்டர்" என்று சொல்லுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவுப்படி, வேலை செய்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நிலை என்றால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. "ராத்திரி தங்கலையே, அப்புறம் என்ன ஆஸ்பத்திரி லீவு?" என்று கிராணி கேட்கலாம். ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் சான்று தந்துவிட்டால், எந்தக் காரணத்தால் சேராமல் இருந்தாலும் சேர்ந்ததாகவே கருத வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. சான்றில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கட்டில் சீக்கிரம் காலியாவது ஆஸ்பத்திரிக்கு நல்லது. நோயாளிக்கும் நல்லதுதான், வீட்டுச் சாப்பாடு, வீட்டுத் தூக்கம். ஆனால் தாதி பார்த்த வேலையை இப்போது மனைவி பார்க்கிறார். அவருக்கும் மறுநாள் வேலை உண்டு. அந்த ஒரு நாளைத் தன் ஆண்டு விடுப்பிலிருந்தோ சம்பளத்திலிருந்தோதான் அவர் இழக்கிறார். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் ஒரு நாள் சம்பள விடுப்பு கேட்க வேண்டும். உங்கள் கிளைக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். அப்படி நாள் இழந்த அக்காமார்கள் தங்கள் கணக்கை எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுத்தால், பேசுகிறவர்களுக்குக் கையில் ஏதாவது இருக்கும்.