அரைக் கிரவுண்டுத் தோட்டம்

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் புதிதாக வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள், மதிலுக்கும் சுவருக்கும் நடுவே எஞ்சிய மண்ணிலும் மொட்டை மாடியிலும் நாலு செடி தழைக்க வேண்டும் என்ற ஆசையில், தோட்டத்தின் அமைப்பை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்க எந்த மென்பொருளை வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த விசாரணை மிகவும் நியாயமானது என்பது என் அபிப்பிராயம். 1,200 சதுர அடி கொண்ட அரைக் கிரவுண்டு மனையில், வீடும் சம்ப்பும் செப்டிக் டாங்கும், 2003ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் வற்புறுத்திவரும் மழைநீர்க் குழியும், பைக் நிறுத்தும் இடமும் போக மிஞ்சுவது கையகல நிலந்தான். அதில் ஒரு மரத்தைத் தவறான மூலையில் ஊன்றிவிட்டால், அதன் வேர் சம்ப்பைத் தேடிப் போன பிறகே விஷயம் வெளிப்படும்.

ஆனால் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். விலை கொடுத்தும் மாதச் சந்தா கட்டியும் பெறுகிற மென்பொருள்கள் பலவும், தங்களிடம் ஆயிரக்கணக்கான செடிகளின் படங்கள் இருப்பதையே பெரிய சிறப்பாக எடுத்துச் சொல்கின்றன. திறந்து பார்த்தால் மேபிளும் பைனும் லாவெண்டருமாகக் குளிர்தேசத்து விருட்சங்களும் மலர்களுமே அதிகம். அனல் மின்நிலையத்துச் சாம்பலும் கடலின் உப்பும் கலந்து வீசும் காற்றில் நிற்கப்போகிற செடிக்கு அந்தப் படங்களால் என்ன பிரயோஜனம்? எண்ணூர்ப் பக்கம் கிழக்குப் பார்த்து நிற்கும் ஒரு செம்பருத்தியின் இலையை விரலால் தடவிப் பாருங்கள்: விரல் நுனியில் சாம்பல் நிறத் தூசி ஒட்டிக்கொள்ளும், இலையின் விளிம்பு தீய்ந்து உட்புறமாகச் சுருண்டிருக்கும். மதிலின் மறைவில் வளரும் அதே செடியின் இலை அகலமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும்.

ஆகையால் மென்பொருளிடம் நாம் கேட்க வேண்டியவை அடிக்கணக்கும் நிழற்கணக்கும் மட்டுமே. நிழலைப் பற்றி நம்மில் பலர் கொண்டுள்ள எண்ணம் திருத்தமுற வேண்டியது. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அவன் வடபுறமாகவே உச்சியைக் கடக்கிறான். அதன் பயனாக ஜூனில் 10 அடிச் சுவரின் நண்பகல் நிழல் தெற்கே 2 அடிகூட நீள்வதில்லை. டிசம்பரிலோ அதே சுவரின் நிழல் வடக்கே 7 அடியைத் தாண்டுகிறது. தெற்கு மனையில் 30 அடி உயரத்துக்கு மாடி வீடு ஒன்று எழும்பியிருந்தால், 20 அடி அகலமுள்ள நம் மனை முழுவதும் மார்கழி மாதத்து நண்பகலில் அதன் நிழலுக்குள் அடங்கிவிடும். அங்கே கத்தரியும் தக்காளியும் எப்படிக் காய்க்கும்?

இந்தக் கணக்கை ஒரு காசு செலவின்றிப் பிரத்தியட்சமாகக் காட்டுகிற சாதனம் ஸ்வீட் ஹோம் 3டி. பிரான்ஸ் தேசத்து எம்மானுவேல் புய்பாரே என்பவர் உருவாக்கி, எவரும் இலவசமாக உபயோகிக்கும்படி திறந்த மூலமாக வெளியிட்ட மென்பொருள் இது. பெயருக்கேற்ப வீட்டின் உள்ளமைப்புக்கென்றே ஏற்பட்டதாயினும், அடி அங்குலக் கணக்கில் மனையை வரைந்து, அதிலுள்ள திசைகாட்டியில் நம் ஊரின் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கொடுத்து, மாதம், தேதி, மணி ஆகியவற்றைக் குறித்துவிட்டால், அந்த நேரத்து வெயிலும் நிழலும் விழுந்த படத்தையே அது தீட்டித் தருகிறது. பக்கத்து வீட்டையும் ஒரு பெட்டியாக அதில் எழுப்பிவிட மறக்கக் கூடாது. லினக்ஸிலும் ஓடுவதால், 2011இல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இன்னும் உயிரோடிருந்தால் அதிலேயே முயன்று பார்க்கலாம். ஸ்கெட்ச்அப் என்பதும் நல்ல மென்பொருளே. 2012இல் கூகுளிடமிருந்து டிரிம்பிள் கம்பெனி வாங்கிய அதற்கு இணையத்தில் இலவச வடிவம் உண்டு. கை பழகச் சற்று அதிக நாள் ஆகும். இணைய இணைப்பும் வேண்டும்.

எந்தப் படமும் காட்டாத ஒரு விஷயம் பாரம். ஆட்கள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் விதித்திருக்கும் பாரம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஓரடி ஆழத்துக்கு ஈர மண்ணைப் பரப்பினாலோ அது 500 கிலோ அளவுக்குப் போகும். கடற்காற்றில் கம்பி துருவேறிய பழைய ராயபுரத்து மாடிகளில் இதைச் சோதனை செய்து பார்க்கவே கூடாது. தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் ‘நீங்களே செய்து பாருங்கள்’ திட்டத்தைத் தொடங்கியபோது, இலேசான தென்னை நார்க்கழிவையும் பைகளையும் கொடுத்தது காரணத்தோடுதான்.

செடிகளை நிர்ணயிக்கத் தெருவில் நடந்து பார்ப்பதே உத்தமமான உபாயம். பூவரசும் புங்கமும் புன்னையும் உப்புக் காற்றைப் பொருட்படுத்தாதவை. அரைக் கிரவுண்டில் அவற்றுக்கு இடமில்லையாகையால் தெருவோரத்தில் வைக்கலாம். மனைக்குள் நந்தியாவட்டையும், குழந்தைகள் இல்லாத வீடாயின் அரளியும் நிற்கும். அரளியின் ஒவ்வோர் அங்கமும் விஷம். மாடியில் கைப்பிடிச் சுவரின் மறைவில் மணத்தக்காளியும் கற்பூரவல்லியும் கற்றாழையும் போதும். மதிலிலிருந்தும் சம்ப்பிலிருந்தும் 10 அடி தள்ளி இடம் கிடைக்கும் பாக்கியசாலிகள், சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த சாட்சியாகத் திருவொற்றியூர்த் தியாகராஜர் கோவிலில் இன்றும் போற்றப்படும் மகிழ மரத்தையே வைக்கலாம். அது நிதானமாக வளரும், நிழலும் மணமும் தரும்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒருவரைத் துணைக்கு அழைத்து, சம்ப்பின் மூடி எங்கே, குழாய் போகும் வழி எது, அண்டை வீட்டின் உயரம் என்ன என்பவற்றையெல்லாம் முதலில் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் ஜூன் மாதத்து நிழலையும் டிசம்பர் மாதத்து நிழலையும் வரவழைத்துப் பார்த்துவிட்டு நர்சரிக்குப் புறப்படுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கன்று மண்ணில் இறங்கியிருக்க வேண்டும்.