கைக்குழந்தையோடு ரயிலில் போறீங்களா? ஒரு நாள் பால் பவுடர் கூடுதலா எடுங்க

ஆழ்வார்திருநகரிக்கு லீவுக்கு வந்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னை திரும்ப பலருக்கும் செந்தூர் எக்ஸ்பிரஸ்தான். ஒரு ராத்திரிப் பயணம்தானே என்று அதற்கேற்ற அளவு பால் பவுடர் எடுப்போம்.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரில் கிளம்பிய அதே ரயில், ஆழ்வார்திருநகரி தாண்டி ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கியது. சுமார் 800 பயணிகள். மீட்பு முடிய 19-ம் தேதி ஆனது. ஒரு கர்ப்பிணியையும் ஒரு குழந்தையையும் ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள்.

அதனால் பால் பவுடர், டயப்பர், ஓஆர்எஸ் எல்லாம் ஒரு நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். பவுடரை முன்கூட்டியே கலக்கி வைக்காதீங்க. வெளியில் இருந்தால் 2 மணி நேரம்தான் கணக்கு. பிளாஸ்க்கில் வெந்நீர் தனியாக வரட்டும். ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்குத் தண்ணீர்கூட வேண்டாம். அங்கே பட்டினி கிடக்கக் கூடாதவர் அம்மா. (நாம் மறப்பதும் அவர் சாப்பாட்டைத்தான்.)

ரயில்வேக்கும் பொறுப்பு உண்டு. 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். முழுக் கட்டணம் கட்டாவிட்டால் பெர்த்தும் கிடையாது. 2022-ல் லக்னோ மெயிலில் லோயர் பெர்த்தோடு மடக்குகிற பேபி பெர்த்தைச் சோதித்துப் பார்த்தார்கள். செந்தூர் எக்ஸ்பிரஸிலும் அது வரட்டும். வழியில் நின்றுபோகிற ரயிலுக்கு அனுப்பும் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு பால் பவுடரும் போகட்டும்.