பெரு நாட்டைக் கேளுங்கள்

தங்கை மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், எல்லா கிளாஸ்லயும் ஸ்மார்ட் போர்டு! எழுபத்தஞ்சு இஞ்ச்!" டீச்சர் எப்படி என்று கேட்டேன். அது தெரியாதாம். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? அதையும் விசாரிக்கவில்லை. கடன் வாங்கி ஃபீஸ் கட்டப் போகிற மனிதர், பலகையின் அங்குலத்தை மட்டும் மனப்பாடமாகச் சொல்கிறார்.

அவர் ஒருவரைக் குறை சொல்லிப் பயனில்லை. திரை இருந்தால் நல்ல பள்ளி, டேப்லெட் கொடுத்தால் நல்ல அரசு, ஆப் வாங்கித் தந்தால் நல்ல அப்பா என்று நாடே நம்பிக்கொண்டிருக்கிறது. பில்லி சூனியத்தை நம்புகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற படித்தவர்கள்தான் இந்த மூடநம்பிக்கைக்கு முன்வரிசை பக்தர்கள்.

இவர்கள் எல்லோரையும் ஒருமுறை பெரு நாட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். 2005இல் நிக்கோலஸ் நெக்ரோபோன்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஏழை நாட்டுக் குழந்தை ஒவ்வொருவர் கையிலும் ஒரு மடிக்கணினியைக் கொடுத்துவிட்டால் போதும், கல்வி தானாக நடக்கும் என்றார். உலகம் கைதட்டியது. பெரு அரசு நம்பி லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு கணினியிலும் 200 புத்தகங்களை ஏற்றியே கொடுத்தார்கள். பிறகு 319 கிராமப்புறப் பள்ளிகளை எடுத்து, கணினி கிடைத்த பள்ளி, கிடைக்காத பள்ளி என்று ஒப்பிட்டார்கள். 2012இல் அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி முடிவை வெளியிட்டது. கணக்கில் முன்னேற்றம் இல்லை. மொழியில் இல்லை. வருகைப்பதிவில் இல்லை. 200 புத்தகங்கள் மடியில் கிடந்தும் வாசிக்கும் பழக்கம்கூட ஏறவில்லை.

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நம் ஊரில் வகுப்புக்கு ஒரு திரை மாட்டிவிட்டுத் தண்டோரா போடுகிறோம். அங்கே பிள்ளைக்கு ஒரு கணினியே கொடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

பள்ளி திறந்த வாரத்தில் தங்கையோடு நானும் போனேன். தாளாளர் பெருமையோடு ஐந்தாம் வகுப்புக் கதவைத் திறந்து காட்டினார். திரையில் ஒளிச்சேர்க்கை ஓடிக்கொண்டிருந்தது. கண்ணும் வாயும் வைத்த ஒரு பச்சை இலை கையாட்டிப் பேசியது. பேசிய ஆங்கிலம் எனக்கே பாதி பிடிபடவில்லை. ஆசிரியை சுவரோரம் ஒதுங்கி, ரிமோட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். கொஞ்சம் நிறுத்தி விளக்கலாமே என்று மெதுவாகக் கேட்டேன். "இந்த பீரியடுக்குள்ள மாட்யூல முடிக்கணும் சார்" என்றார். படம் முடிந்தது. "அண்டர்ஸ்டுட்?" "யெஸ் மிஸ்!" என்று வகுப்பே கூவியது.

முன்பெஞ்சுப் பையனிடம் தமிழில் கேட்டேன். "செடி எதைத் தின்னு தம்பி வளருது?"

"மண்ண, அங்கிள்."

அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். நூற்றாண்டுக் கணக்கில் பெரிய அறிஞர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஹெல்மான்ட் என்ற ஃபிளாண்டர்ஸ் நாட்டு மருத்துவர், ஒரு வில்லோ கன்றைத் தொட்டியில் நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றி, கடைசியில் மரத்தையும் மண்ணையும் நிறுத்துப் பார்த்தார். மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. மண் 60 கிராம்கூடக் குறையவில்லை. 1648இல் அச்சேறிய சோதனை அது. தண்ணீர்தான் மரமாகிவிட்டது என்று அவர் முடிவுகட்டினார். அதுவும் தப்புதான். காற்றிலும் வெயிலிலும் விடை இருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 'மண்' என்று அந்தப் பையன் சொன்ன நொடியில்தான் பாடம் தொடங்கியிருக்க வேண்டும். நல்ல ஆசிரியர் அந்தத் தப்பான பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் தொட்டியில் மண் ஏன் குறையவில்லை என்று அவனையே கேட்டிருப்பார். திரைக்குக் காது கிடையாது. அவன் என்ன நினைக்கிறான் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. கை எட்டும் தூரத்தில், ஜன்னலுக்கு வெளியே, ஒரு வேப்பமரம் நின்றிருந்தது. அதை யாரும் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை.

நூலகம் எங்கே என்று விசாரித்தேன். சாவி ஆபீசில் இருக்கிறது என்றார்கள். ஆபீசில் கேட்டால் பி.டி. சாரிடம் என்றார்கள். பி.டி. சார் அன்று லீவு. ஸ்மார்ட் கிளாஸ் கட்டணம் என்று ரசீதில் தனி வரி இருந்தது. ஆசிரியைக்குக் கொடுக்கிற சம்பளத்தை எந்த ரசீதிலும் போடமாட்டார்கள். போட்டால் பெற்றோர் வெட்கப்பட வேண்டியிருக்கும். கொத்தனாருக்குக் கிடைக்கும் கூலிகூட இல்லாமல் எம்.எஸ்சி., பி.எட். முடித்த பெண்கள் நின்றுகொண்டே பாடம் நடத்துகிறார்கள், வருடத்துக்கு ஒரு பள்ளி மாறுகிறார்கள். பலகை மட்டும் சுவரில் நிரந்தரம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் கதை இன்னும் வேதனை. 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அறிவித்தார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தார்கள். நல்லது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கிற பள்ளிகளை என்ன செய்தார்கள்? ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர்தான் ஐந்து வகுப்புக்கும் ஆசிரியர், அவரே தலைமையாசிரியர், அவரே குமாஸ்தா. காலை மணி அடித்ததும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டியவர், செல்போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடுகிறார். எமிஸ் என்ற அரசுக் கல்வித் தளத்தில் வருகைப்பதிவு ஏற வேண்டும். இலவசச் செருப்பின் அளவு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மேலிருந்து போன் வரும். எத்தனை பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று கேட்டு அப்படி ஒரு அவசரப் போன் வந்ததாக எந்த ஆசிரியரும் என்னிடம் சொன்னதில்லை.

இதே தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார்கள். பாயில் பிள்ளைகள், கையில் அட்டைகள், சுவரின் கீழ்ப்பகுதியில் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். அதிலும் குறைகள் இருந்தன, இருக்கட்டும். அந்தப் பலகையில் எழுதியது குழந்தை. 75 அங்குலப் பலகையில் குழந்தைக்கு வேலையே இல்லை, பார்ப்பதைத் தவிர.

பணக்கார நாடுகளாவது ஜெயித்தனவா? பள்ளியில் கணினிக்குக் கொட்டிக்கொடுத்த நாடுகளின் மாணவர்கள் வாசிப்பிலோ கணக்கிலோ அறிவியலிலோ சொல்லும்படி முன்னேறவில்லை என்று 2015இல் ஓஇசிடி என்ற அந்நாடுகளின் அமைப்பே அறிக்கை கொடுத்தது. சுவீடன் 2023இல் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்ப நிதி ஒதுக்கியது. அவர்கள் கழித்துப் போடுவதை நாம் ரிப்பன் வெட்டித் திறக்கிறோம். எடிசன் 1913இலேயே சினிமா வந்துவிட்டது, பத்து வருடத்தில் பள்ளிக்கூடமே மாறிவிடும் என்று சொன்னார். நம் நாட்டிலும் 1975இல் நாசாவின் செயற்கைக்கோளை வைத்து 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியில் பாடம் காட்டினார்கள். ஒரு வருடத்தில் செயற்கைக்கோள் போய்விட்டது. வாத்தியார்தான் மிச்சம்.

இங்கே பைஜூஸ் என்று ஒரு கம்பெனி இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தது. 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். 2024இல் திவால் வழக்கு. அதை நம்பி ஈஎம்ஐ கட்டிய குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது? நம்மவர்கள் பாடம் கற்றுக்கொள்ளாமல் அடுத்த ஆப்பைத் தரவிறக்கிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுப்பாடத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பழக்கிவிட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு "நாளைக்கு நீர்சுழற்சி படம் ஒட்டிக் கொண்டுவரவும்" என்று மெசேஜ் வருகிறது. அம்மா ஜெராக்ஸ் கடைக்கு ஓடுகிறாள். கடைக்காரர் கூகுளில் தேடி கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறார். அம்மா ஒட்டுகிறாள். பிள்ளைக்கு 'வெரி குட்'. அந்தப் படத்தை ஒரு பென்சிலால் கோணல்மாணலாக வரைந்திருந்தாலாவது மேகம் எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கும்.

இவ்வளவையும் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "காலம் மாறிப்போச்சு மச்சான், பெருவெல்லாம் நமக்கு எதுக்கு?" என்கிறார். பெருதான் நமக்கு வேண்டும். அங்கேயும் காலம் மாறிவிட்டது என்றுதான் வாங்கினார்கள். அடுத்த மாதப் பெற்றோர் கூட்டத்துக்குத் தங்கையோடு நானும் போகப் போகிறேன். போன வருடம் வேலை பார்த்த ஆசிரியைகளில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கையில் என்ன சம்பளம் கிடைக்கிறது, நூலகம் வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்று கேட்டு, எழுத்தில் பதில் தரச் சொல்லப் போகிறேன். பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் மற்றவர்களும் அவரவர் பள்ளியில் இதையே கேளுங்கள்.