செவ்வாயில் உயிராம்!

நம்ம புனே தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் மறுபடியும் அதே பார்வர்ட்: "செவ்வாயில் உயிர் கண்டுபிடிப்பு!" கீழே இருபது கைதட்டல். அட, போங்கப்பா!

நடந்தது இதுதான். 2024 ஜூலையில் நாசாவின் பெர்சிவரன்ஸ் வண்டி ஜெசிரோ பள்ளத்தில் ஒரு சேற்றுப்பாறையைப் பார்த்தது. மேலே சிறுத்தைப்புள்ளி மாதிரி திட்டுகள். பிக்ஸல் என்ற கருவி எக்ஸ்ரேயை அடித்து, இரும்பும் பாஸ்பரஸும் கந்தகமும் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தது. ஷெர்லாக் என்ற கருவி லேசர் அடித்து, கரிமப் பொருள் இருப்பதைக் காட்டியது. இவற்றை வைத்து, திட்டுகளில் இருப்பவை விவியனைட், கிரெய்கைட் என்ற இரும்புத் தாதுக்களாக இருக்கலாம் என்று கணித்தார்கள்.

பூமியில் நுண்ணுயிர்கள் இவற்றை உண்டாக்கும். உயிரே இல்லாமலும் இவை உண்டாகும். அதனால்தான் 2025 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை 'உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது' என்பதோடு நிறுத்திக்கொண்டது. துளைத்தெடுத்த துண்டு குழாயில் அடைபட்டு இன்னும் செவ்வாயில்தான் இருக்கிறது. பூமியில் ஒரு ஆய்வகம் அதைத் தொட்டதில்லை.

ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வருவதற்கு முன்னால் வியாதிக்குப் பெயர் வைப்போமா?

என் பெண் கேட்டாள், "உயிர் இருக்காப்பா, இல்லையா?"

"இன்னும் தெரியாதுடா."

அவள் முகம் சப்பென்று ஆகிவிட்டது. ஆகட்டும். அறிவியலில் 'தெரியாது' என்பதும் நேர்மையான பதில்தான். ஐஐடி கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டுகிற நாம், இதை ஓசியிலேயே சொல்லிக்கொடுக்கலாமே?