பால் விலை குறைந்தால் சந்தோஷமா? உஷார், அண்ணாச்சிகளே!

அஞ்சுகிராமம் சந்திப்பில் விடியும் முன்னே விற்பனையாவது பால் பாக்கெட்தான். டீக்கடைக்கும் அதுதான், கைக்குழந்தை வச்சிருக்கிற தாய்க்கும் அதுதான். அரிசி, பருப்பை நாளைக்குப் பார்த்துக்கலாம். பால் அன்றன்றைக்கு வேணும்!

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் தூண்டில் புழுவும் இந்தப் பால்தான். பாலை லாபமே இல்லாத விலைக்குக் கொடுத்து ஆளை உள்ளே இழுப்பார்கள். வந்தவரிடம் சோப்பு, எண்ணெய், பிஸ்கட் என்று லாபத்தைக் கறப்பார்கள். தெருமுனைக் கடைக்காரர் அப்படி விற்றால் பத்தே நாளில் கடைக்குப் பூட்டுதான்!

ஒரு டாலர் பால்

ஆஸ்திரேலியாவில் நடந்தது இது. 2011 ஜனவரியில் ‘கோல்ஸ்’ சூப்பர் மார்க்கெட் தன் சொந்த முத்திரைப் பாலை லிட்டர் 1 டாலர் என்று குறைத்தது. போட்டிக்கு ‘வூல்வொர்த்ஸ்’ நிறுவனமும் குதித்தது. வாங்குபவர்களுக்குக் கொண்டாட்டம். மாடு வளர்ப்பவர்களோ கொதித்தார்கள். சட்டப்படி தப்பில்லை என்று அந்த நாட்டுப் போட்டி ஆணையம் கைவிரித்தது. தீவனம் விலை ஏறியும் 2019 வரை அதே 1 டாலர்தான்!

நம் நாட்டிலும் 2002-ம் வருடப் போட்டிச் சட்டம் இருக்கிறது. சந்தையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம், போட்டியாளரை ஒழிக்க அடக்க விலைக்குக் கீழே விற்கக்கூடாது. ஆனால் பெட்டிக்கடைக்காரர் டெல்லிக்குப் போய் வழக்காட முடியுமா?

கடிவாளம் யார் கையில்?

நமக்கு இருக்கிற கடிவாளம் ஆவின். 2021 மே 16 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்து, நீல பாக்கெட்டை 40 ரூபாய்க்குக் கொடுத்தது. பக்கத்தில் ஆவின் இருந்தால் தனியார் கம்பெனி இஷ்டத்துக்கு விலை ஏற்ற யோசிக்கும்.

ஆனால் ஆவினும் யோக்கியமாக நடக்க வேண்டும். 2022 நவம்பரில் அட்டை இல்லாதவர்களுக்கு ஆரஞ்சு பாக்கெட்டை லிட்டர் 48-லிருந்து ஒரேயடியாக 60 ரூபாய் ஆக்கியது. பசும்பால் கொடுத்தவருக்கு அப்போது ஏறியது 3 ரூபாய்தான்! கறப்பவருக்குக் கட்டுப்படியாகாவிட்டால் பால் தனியார் வண்டியில் ஏறிவிடும். அமுல் நிறுவனம் இங்கே பால் கொள்முதல் செய்வதைத் தடுக்கச் சொல்லி, 2023 மே மாதம் அன்றைய முதல்வர் ஸ்டாலின் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதியதை மறந்துவிடக்கூடாது.

கறப்பவருக்கு நியாயமான விலை, சின்னக் கடைக்கு நேரத்துக்குப் பால், கட்டுப்படியாகும் கமிஷன். இந்த மூன்றையும் ஆவின் கொடுக்கட்டும். அஞ்சுகிராமத்துக்கு எந்தப் பெரிய கடை வந்தாலும் வரட்டும்!

சின்னக் கடைகள் மூடிய பிறகு, பால் விலையை யார் வைப்பார்கள்? மிச்சம் இருக்கிற ஒருத்தர்தான்!